பிள்ளையைக் கேட்காமல்

போடிநாயக்கனூர்
22-6-2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

செல்லத்தாய் எழுதுவது. இங்கு நலம். உன் நலமும் நீ நடத்தும் படிப்புக் கூடத்துப் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் கூடத்துப் பிள்ளைகளில் ஒருத்தியான என் பெண்ணின் நலம்தான் இப்போது எனக்கு வேண்டியிருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

போனில் கேட்டிருக்கலாம். என் போன் பாதி நேரம் தமிழினி கையில்தான் இருக்கிறது. நீ அனுப்புவதை எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். குரங்கணி ரோட்டில் உன் குடோனுக்குள் சிக்னல் வருவதும் அபூர்வம். அதனால் ஹாஸ்டல் விடுமுறைகளில் செய்த மாதிரி காகிதத்துக்குத் திரும்பியிருக்கிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. கல்லூரிக்கு, புள்ளியியல் துறை என்று போட்டு அனுப்பு.

தமிழினி உன்னிடம் வரத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் ஏறுகிறாள். சாயங்காலம் காலித் தூக்கோடு வருகிறாள். "என்னம்மா செஞ்ச இன்னைக்கு?" என்றால், "ஒண்ணும் செய்யல" என்கிறாள். பொய் சொல்லுகிற பெண் இல்லை. அதுதான் கவலையாக இருக்கிறது. பதினைந்து வயது. அவளோடு படித்தவர்கள் எல்லாம் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாசில் இருக்கிறார்கள்.

ஒன்பதாவது பாதியில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டது உனக்குத் தெரியும். மார்க் குறையவில்லை, யாரும் அடிக்கவில்லை. காலையில் வயிறு வலிக்கும். குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். டாக்டர்கள் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகுதான் உன்னிடம் கொண்டுவந்து விட்டேன். நம்பி விட்டேன் என்று சொன்னால் அது பொய். வேறு வழி தெரியவில்லை. தோட்டத்திலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் அவள் அப்பா, "படிக்கிற புள்ளைய ஏலக்கா குடோன்ல கொண்டுபோய் அடைச்சிருக்க" என்கிறார்.

சேர்க்கும்போது உன் விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டேன். 'பிள்ளையைக் கேட்காமல் பிள்ளையைப் பற்றி வீட்டுக்குச் சொல்வதில்லை' என்ற விதியையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். அது மற்றப் பெற்றோருக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். நாம் அப்படி இல்லையே.

அங்கே அவள் என்ன செய்கிறாள்? ஒரு பத்தி எழுது, போதும்.

அன்புடன்,
செல்லத்தாய்


குரங்கணி ரோடு
3-7-2024

அடியே செல்லா,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம். அப்போது மாதிரியே இருக்கிறது, ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். மழைச்சாரல் ஆரம்பித்துவிட்டது. தகரக் கூரையில் பெய்யும்போது வகுப்பு எடுக்க முடியாது. அந்த நேரத்தில் எல்லாரும் கேரம் ஆடுகிறோம்.

நீ கேட்டதை நான் எழுத மாட்டேன். கோபப்படாதே. தமிழினியிடம் கேட்டேன், "அம்மாவுக்கு எழுதட்டுமா, நீ எப்படி இருக்கன்னு?" வேண்டாம் என்று தலையாட்டினாள். அதோடு முடிந்தது. அந்த விதியை எழுதியவளே நான்தான். முன்பு நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை நம்பிச் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் சிரித்துப் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்.

கூடத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன், அதற்குத் தடை இல்லை. திங்கள் காலை எல்லாரும் வட்டமாக உட்காருவோம். பலகையில் இரண்டு பக்கம். இடது பக்கம் 'கத்துக்கணும்', வலது பக்கம் 'கத்துக்குடுப்பேன்'. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் எழுதலாம். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தால் அது வகுப்பு. கற்கிறவர்கள் போதும் என்றால் வகுப்பு முடிந்தது. இந்த வாரம் ரோஜா மலையாளம் சொல்லிக்கொடுக்கிறாள். சின்ன வயதில் எஸ்டேட்டில் இருந்தவள், ஜீப்பு டிரைவர்கள் பேசுகிற மலையாளம், கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்து. சாம் ஒரு பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறான், சேர்க்கத் தெரியவில்லை. செழியனுக்கு நீச்சல் கற்க வேண்டும். ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, அதனால் பெஞ்சில் குப்புறப் படுத்துக் கையை வீசுகிறான். நான் 'ஆங்கிலக் கவிதை' என்று வலது பக்கம் எழுதிவைத்தேன். ஒருத்தரும் வரவில்லை. சாக்பீசோடு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சிரிப்பு வரும், சிரி.

ஒன்று மட்டும் உன் தொழிலுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளைகள் பலர் முதலில் கொஞ்ச காலம் ஒன்றுமே செய்வதில்லை. இது பொதுவான செய்தி.

உன்,
ஜாக்குலின்


போடிநாயக்கனூர்
11-8-2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

கடிதம் கிடைத்தது. பொதுவான செய்திக்கு நன்றி. சராசரியை வைத்து ஒரு தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று நான் முதலாமாண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறேன்.

உன் கடிதத்துக்குப் பதிலாகப் போன மாதமே ஒன்று எழுதினேன், அதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. அதையே மறுபடி எழுதுகிறேன். அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வயிற்றுவலி இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் பேச்சு இல்லை. நானும் வளவளவென்று பேசுகிறவள் இல்லைதான். ஆனாலும் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் சாயங்காலமெல்லாம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது சரியில்லை. அவள் அப்பாவுக்கு ஏலக்காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. இனி தை வரை போடிமெட்டுக்கு மேலேதான் இருப்பார்.

துறையில் ஒரு பெண், "மேடம், உங்க டாட்டர் டென்த்தா இப்ப?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அவளை எதிர்கொள்வதைத் தவிர்த்தேன். நாற்பத்தெட்டு வயதில் மாடிப்படியில் ஒளிகிறேன்.

உன்னிடம் மதிப்பெண் கேட்கவில்லை, அறிக்கை கேட்கவில்லை. உன் கண்ணுக்கு அவள் உயிரோடு இருக்கிற பெண்ணாகத் தெரிகிறாளா? இதற்கு ஒரு வரி எழுது. ஹாஸ்டலில் நீ எத்தனையோ கேட்டாய், நான் செய்தேன். நான் உன்னிடம் கேட்டது இது ஒன்றுதான். யாருக்கும் தெரியாது. உன் கடிதம் என் துறை மேசையைத் தாண்டாது.

செல்லத்தாய்


குரங்கணி ரோடு
29-8-2024

செல்லா,

படித்துவிட்டுக் கிழித்துவிடு.

அந்த மாடிப்படியை நீ எழுதாமல் இருந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன்.

உன் பெண் முதல் இரண்டு மாதம் அடுக்கிய சாக்கு அட்டிமேல் படுத்துக்கிடந்தாள். குடோனுக்கு முன்னால் காய் உலர்த்துகிற களம் இருக்கிறது இல்லையா, அங்கே பையன்களும் பெண்களும் கபடி ஆடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் ரோஜா பக்கத்தில் போய், "என்னடி முணுமுணுங்குற, மந்திரமா?" என்று காதை வைத்திருக்கிறாள். கமெண்ட்ரி. ஊர்த் திருவிழாவில் மைக்கில் சொல்வார்களே, அது. இவள் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த திங்கள் பலகையில் இடது பக்கம், எறும்பு மாதிரி எழுத்தில், 'கபடிக்கு மைக்கில் பேசுவது' என்று எழுதினாள். வலது பக்கம் எழுத எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ரோஜாதான், "எனக்கும் தெரியாது, சேந்து தெரியாம இருப்போம்" என்று எழுதிப் போட்டாள். போனில் பழைய மேட்ச் வீடியோக்களை இறக்கி வைத்து இரண்டு பேரும் கேட்டார்கள், நிறுத்தினார்கள், சண்டை போட்டார்கள். மைக்செட் கன்னையன் ஒரு பழைய மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் கொடுத்தார். "ஒடஞ்சா பயப்படாதீக, அது ஏற்கனவே ஒடஞ்சதுதான்" என்றார்.

போன வியாழன் முதல் தடவை பேசினாள். நான் அடுப்படியில் இருந்தேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"ரைடுக்குப் போறாரு சாம். போறாரு. போய்க்கிட்டே இருக்காரு. எதிர எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தா ஏழு பேரு. சாம் மொகத்தப் பாத்தா எழுவது பேரு. தொட்டாரா? தொடல. போனஸ் கோடு? அந்தப் பக்கமே போகல. என்ன சோலியா வந்தோம்னு மறந்துபோச்சு. இந்தா, திரும்பி வர்றாரு, வீட்ல எல்லாரும் சொகமான்னு விசாரிச்சிட்டு வர்ற மாதிரி."

களமே சரிந்து சிரித்தது. சாம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏ தமிழினி, ஒரு நா ஒன் வாய்க்கு ரைடு வர்றேன் பாரு" என்றான். இவள் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "வாங்க. ஒங்களுக்குக் கோட்டத் தாண்டிப் பழக்கமில்லையே" என்றாள்.

நம் தமிழினிதான் செல்லா. இரண்டு மாதமாக என்னிடம் தலையாட்டலில் மட்டும் பேசியவள்.

வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. முகத்திலும் காட்டாதே. உனக்கு முகத்தில் காட்டாமல் இருப்பது கஷ்டமில்லை.

ஜாக்குலின்


போடிநாயக்கனூர்
27-10-2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

செப்டம்பரிலும் இந்த மாதத் தொடக்கத்திலும் நீ எழுதிய இரண்டும் கிடைத்தன. கிழிக்கச் சொன்னாய், கிழித்துவிட்டேன். அதற்குமுன் எத்தனை தடவை படித்தேன் என்பதை உன்னிடம் சொல்லப்போவதில்லை.

என் கருத்தைக் கேட்டிருந்தாய். கபடி வர்ணனையை வைத்து எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்காது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும், அதற்குக் கணக்கு வேண்டும், அறிவியல் வேண்டும். பலகையில் அவை எப்போது வரும், யாராவது 'கத்துக்கணும்' என்று எழுதினால்தான் வருமா? எழுதாமலே போனால்? இந்தக் கேள்வியை நான் விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

அது ஒரு பக்கம். நானும் துறையில் மதிய இடைவேளையில், கதவைச் சாத்திக்கொண்டு, சில மேட்ச் வீடியோக்கள் பார்த்தேன். வர்ணனை சொல்கிறவர்கள் எல்லாருமே ஆண்கள். முக்கால்வாசிப் பேர் கத்துகிறார்கள். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் இவள் கத்துவதில்லை போலிருக்கிறது. ஆட்டக்காரன் மூச்சு விடுவதற்குள் வாக்கியத்தை முடிக்கிறாள். அது சுலபமில்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக வகுப்பெடுக்கிறேன், எனக்குத் தெரியும்.

இரண்டு நாளாக அவள் குரல் கம்மியிருக்கிறது. தையில் மாவட்டத்துப் பிள்ளைகளோடு மேட்ச் வருகிறது, ஓயாமல் பழகுகிறாள் என்று நீ எழுதியிருந்தாய். பனங்கல்கண்டும் சுக்கும் தட்டி ஒரு பொட்டலம் கட்டி அவள் பையின் ஓரத்தில் வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு அதிரசம் அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
செல்லத்தாய்


குரங்கணி ரோடு
18-11-2024

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

இந்தக் கடிதத்தைத் தமிழினி படித்த பிறகுதான் தபாலில் போடுகிறேன். இனிமேல் அப்படித்தான். ஏன் என்று எழுதுகிறேன்.

இன்று திங்கள் கூட்டத்தில் அவள் வட்டத்துக்கு நடுவில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். "இது என் பையில இருந்துச்சு. பனங்கல்கண்டு. எங்கம்மா வச்சது. தீபாவளிக்கு முந்தியே வச்சாங்க. இத்தன நாளா யோசிச்சேன்" என்றாள்.

சாம், "நல்லதுதான, ஒண்ணு கொண்டா" என்று கை நீட்டினான். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல நான் சத்தமாப் பேசுனதே கெடையாது. மழ பேஞ்சா சளி புடிக்கும், அதுக்கு எங்கம்மா மாத்திரதான் வைப்பாங்க. பேசிப் பேசித் தொண்ட கட்டும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். ரோஜாவைப் பார்த்து, "நீ சொன்னியா?"

"ஆத்தா சத்தியமா இல்ல. ஒங்கம்மா தெருவுல வந்தாலே நான் அடுத்த சந்துல திரும்பிருவேன்."

ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முறை வந்தது. நான்தான் சொன்னேன் என்றேன். கடிதம் எழுதினேன், மூன்று தடவை, என்றேன்.

பிறகு செழியன் கேட்டான், "அக்கா, அந்த விதி யாரு எழுதுனது?"

"நான்."

"எழுதிட்டு நீங்க படிக்கலையா?"

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

என்னை என்ன செய்வது என்று பேசினார்கள். வெளியே அனுப்பலாமா என்று ஒருத்தி கேட்க, சாம், "குடோனே அவங்களுது, நம்மதான் வெளிய போகணும்" என்றான். கடைசியில் முடிவானது இது: சித்திரை வரை நான் கூட்டத்தை நடத்தக் கூடாது. பிள்ளைகள் தனியாக என்னிடம் வந்து பேசுகிற நேரம் ஒன்று வைத்திருந்தேன், அது இனி இல்லை. எந்த வீட்டுக்கு எழுதினாலும் அந்தப் பிள்ளை படிக்காமல் அனுப்பக் கூடாது. ஒப்புக்கொண்டேன். நியாயமான முடிவு.

தமிழினி எதற்கும் கை தூக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் எழுந்துபோய்ப் பலகையில் அவள் பெயரையும் 'மைக்' என்பதையும் அழித்தாள். மைக்கைத் துணியில் சுற்றி ரோஜாவிடம் கொடுத்தாள். "தை மேட்ச்சுக்கு நான் வரல" என்றாள். ரோஜா, "ஏண்டி, நீ இல்லாம அத யாரு பேசுவா, இந்தச் சாமா?" என்று கேட்க, இவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இதைப் படித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். சேர்க்கிறேன்: 'நாளையிலிருந்து வர மாட்டேன். ஸ்கூலுக்கும் போக மாட்டேன். யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.'

ஜாக்குலின்


போடிநாயக்கனூர்
15-12-2024

ஜாக்குலினுக்கு,

இதை நீ அவளிடம் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். என் கடிதத்துக்கு உங்கள் கூட்டம் விதி ஏதும் போடவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் அவள் அறையிலேயே இருந்தாள். குழாய்ச் சத்தம் மறுபடி ஆரம்பிக்குமோ என்று காலையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆரம்பிக்கவில்லை. அந்த அளவில் நிம்மதி.

முதல் நாளே போய்ச் சொன்னேன், கேட்டது நான்தான், திரும்பத் திரும்பக் கேட்டேன், நீ மறுத்துப் பார்த்தாய் என்று. உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

"நீ கேப்பம்மா. எனக்குத் தெரியும். அவங்க ஏன் சொன்னாங்க?" என்றாள்.

எனக்காகச் சொன்னாள் என்றேன்.

"எனக்காகன்னு ஒரு விதி வச்சாங்கள்ல? அது?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் அவளிடமே சொல்.

பிறகு ஒரு நாள் அவளாகவே சொன்னாள். அவள் அனுமதியோடு எழுதுகிறேன், கேட்டுவிட்டேன். "நீ வந்து ஓரமா நிப்ப. கைய கட்டிக்கிட்டுப் பாப்ப. ஒனக்குப் புடிக்கும்னே வச்சுக்க. ஆனா நீ யோசிச்சிட்டுத்தான் புடிச்சிருக்குன்னு சொல்லுவ. நான் பேசுறது யோசிக்கிறதுக்கு முன்னாடி வர்றதும்மா. நீ பாக்குறேன்னு தெரிஞ்சா நானும் யோசிக்க ஆரம்பிச்சிருவேன். அப்புறம் வராது."

வீட்டுக்கு ஏன் தெரியக் கூடாது என்றாள் என்று நீயும் நானும் அவளைக் கேட்கவே இல்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு ஒன்று தெரிந்தது. அவளோடு நான் பேசிவந்தது முழுவதும் கேள்விதான். சாப்பிட்டாயா, எங்கே போனாய், என்ன செய்தாய், ஏன் இப்படி. அதை எடுத்துவிட்டால் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. முதல் சில நாள் வீடு பயமாக இருந்தது. பிறகு என் சங்கதிகளைச் சொல்லத் தொடங்கினேன். தேர்வுக் கண்காணிப்பில் ஒரு பையன் விடைத்தாளில் தூங்கி விழுந்து மையில் மூக்கை நனைத்துக்கொண்டது, துறைத்தலைவர் ரயிலில் மதுரைக்குப் போகிறேன் என்று பிளாட்பாரத்தில் பேசிக்கொண்டே ரயிலை விட்டது, இப்படி. எனக்குச் சொல்ல வராது. வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள்.

போன திங்கள் காலை பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எங்கே என்று கேட்கவில்லை. இந்த வாரம் முழுவதும் போகிறாள். அங்கே வருகிறாளா என்று உன்னையும் கேட்கவில்லை. அப்படி எழுதினால் இந்த வரியும் கேள்வியாகிவிடும்.

செல்லத்தாய்


குரங்கணி ரோடு
24-1-2025

என் செல்லா,

புது வருஷம், பொங்கல் எல்லாம் போய்விட்டது. உனக்கு ஒரு வாழ்த்துகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வழக்கமாக எழுதுகிற விஷயம் ஒன்றுதான், அதை எழுதக் கூடாது. முப்பது வருஷச் சிநேகிதத்தில் வேறு என்னவெல்லாம் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். உனக்கு நினைவிருந்தால் எழுது. உன்னைப் பற்றி எழுது.

நான் கூட்டத்தில் இப்போது ஓரத்தில் உட்காருகிறேன். ரோஜா நடத்துகிறாள். என்னைவிட வெரசாக முடிக்கிறாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். என் ஆங்கிலக் கவிதைக்கு இன்னும் ஆள் இல்லை.

இதைத் தமிழினி படிக்கவில்லை. நான் அவளைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை, கேட்கத்தான் போகிறேன். கேட்பதற்குத் தடை இல்லை என்று நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய்.

காணும் பொங்கலன்று போடியில் மேட்ச் நடந்தது இல்லையா. 'பெரியவங்க யாரும் வர வேணாம்' என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், நான் போகவில்லை. திரும்பி வந்தவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாம் மட்டும், "நல்லா இருந்துச்சுக்கா" என்றான், தலையைத் திருப்பிக்கொண்டு. அது வயிற்றெரிச்சலா சந்தோஷமா என்றுகூடத் தெரியவில்லை. தமிழினி எனக்கு வணக்கம் சொல்கிறாள். சாப்பிடும்போது குழம்பு ஊற்றுகிறாள். அவ்வளவுதான் செல்லா. வேறு பேச்சு இல்லை. அவள் பக்கத்தில் போனால் நான்தான் இப்போது தலையாட்டலில் பேசுகிறேன்.

துணியில் சுற்றிக் கொடுத்த மைக்கைத் திரும்ப வாங்கினாளே, அன்று எப்படிப் பேசினாள்? வீட்டில் உன்னிடம் ஏதாவது சொன்னாளா? இதை நினைத்தே எனக்கு ஒரு வாரமாக வேலை ஓடவில்லை. ஒரு வரி எழுது. என் மேசையைத் தாண்டாது.

உன்,
ஜாக்குலின்


போடிநாயக்கனூர்
2-2-2025

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

மேட்ச்சுக்கு முதல் நாள் தமிழினி, "நாளைக்கு ஸ்கூல் கிரவுண்டுல மேட்ச். நீ வராத" என்றாள். சரி என்றேன். இவளாக வந்து என்னிடம் ஒரு நாளின் செய்தியைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் 'வராத' என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கிரவுண்டு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. குழாய் ஒலிபெருக்கியை நான்கு திசைக்கும் கட்டியிருந்தார்கள். மத்தியானம் பாட்டுப் போட்டார்கள், பிரமுகர்கள் பேசினார்கள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குரல் வந்தது. முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்க முடியுமா? ஆனால் அது எங்கள் வீட்டில் நான் கேட்டிராத குரல்.

மாடிக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிரவுண்டுக்குப் போகவில்லையே, என் வீட்டு மாடிதானே. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு படி ஏறினேன். அப்போது, நான் கையெழுத்துப் போட்டுவிட்டு 'இது மற்றவர்களுக்கு' என்று உனக்கு எழுதினேனே, அதே தர்க்கம்தான் இது என்று பட்டது. இறங்கிவிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் கேட்டது. இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆட்டலாம் என்று வைத்தது, முழுதாக ஊறக்கூட இல்லை. கிரைண்டரைப் போட்டேன். அரிசி முடிந்ததும் உளுந்து. உளுந்து முடிந்ததும் வெறும் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பொங்கலுக்கு இறங்கி வந்திருந்த அவள் அப்பா எட்டிப் பார்த்து, "என்ன, தண்ணியவா ஆட்டுற?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் மெல்லக் கற்றுக்கொள்கிறோம்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேல், "கேட்டுச்சா?" என்றாள்.

"கிரைண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

கல்லைப் பார்த்தாள், உள்ளே தண்ணீர் சுற்றுவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளே கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள். அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்தாள். பேசத் தொடங்கினாள்.

இதுவரை என்னைப் பற்றியது. நீ கேட்டது இதற்குப் பிறகு வருவது. அது அவளைப் பற்றியது. நீ படும் பாடு எனக்குத் தெரியும் ஜாக்குலின். மாடிப்படியில் நின்றவளுக்குத் தெரியாதா? போன வருஷம் உன் ஒரு வரிக்காக நான் எப்படிக் காத்திருந்தேனோ அப்படித்தான் நீ இதைப் பிரிப்பாய். ஆனாலும் எழுத மாட்டேன். எழுதலாமா என்று அவளைக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. என்னிடம் சொன்னாள், என்னிடம் இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு பற்றி நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி அப்படியே இருக்கிறது.

சித்திரைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மூன்று பேரும் சாப்பிடலாம். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். அதுவரை நாம் எழுதிக்கொள்ள வேண்டாம் என்று தோன்றுகிறது. உன்மேல் கோபம் இல்லை. எழுதினால் நீ கேட்பாய், உன்னிடம் எனக்கு மறுத்துப் பழக்கமில்லை.

என்றும் அன்புள்ள,
செல்லத்தாய்